பதில் கடிதம் எப்போது தீர்ப்பாகிறது?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்குச் சட்டப் புத்தகங்களில் தனித் தலைப்பு கிடையாது. சிறையில் இருக்கும் ஒருவர் நீதிபதிக்குக் கடிதம் எழுதுகிறார். நீதிபதியோ அவருடைய அலுவலகமோ பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் கைதிக்குப் பாதகமாக இருந்தால், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியுமா? பார்வைக்குச் சின்னக் கேள்வி. ஆனால் வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத, சட்டத்தின் மொழி தெரியாத, வெளியே ஆள் துணையில்லாத ஒருவருக்கு நீதிமன்றத்தோடு இருக்கும் ஒரே தொடர்பு அந்தக் கடிதம்தான். அதற்கு வந்த பதிலோடு அவருடைய வழி அடைபட்டுப் போகிறதா, இல்லையா என்பதே இங்கே கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைதியின் உரிமை ஒன்றை ஒரு பதில் தீர்மானித்துவிட்டால், அது எந்தத் தாளில், எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருந்தாலும் நீதிமன்ற ஆணைக்குச் சமம். ஆணைக்குரிய ஆற்றல் அதற்கு இருக்கும்போது, ஆணைக்குரிய பொறுப்பும் இருந்தாக வேண்டும். மேல் நீதிமன்றம் அதைத் திறந்து பார்க்க வழி வேண்டும். இந்தக் கருத்து நம் சட்டத்துக்குப் புதியதன்று. சிதறிக் கிடக்கும் தீர்ப்புகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தாலே புலப்படும்.

கடிதம் வழக்கான கதை

சிறையிலிருந்து வரும் தாளை நம் சட்டம் எப்போதுமே தனிப் பரிவோடுதான் பார்த்திருக்கிறது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 383-ஆம் பிரிவில், சிறையில் இருப்பவர் தம் மேல்முறையீட்டு மனுவைச் சிறைப் பொறுப்பு அதிகாரியிடம் கொடுக்கலாம், அதை அவர் உரிய நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும் என்று வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே ஏற்பாடு 424-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ‘ஜெயில் அப்பீல்’ என்று நீதிமன்ற வட்டாரத்தில் சொல்வது இதைத்தான். அடுத்த பிரிவு இன்னும் கவனிக்கத் தக்கது. இப்படி வந்த மேல்முறையீட்டைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் மேல்முறையீட்டுக் காலம் முடியும் முன் அப்படித் தள்ளக்கூடாது. மனு அற்பமானது என்றோ, கைதியை நேரில் கொண்டுவருவது வழக்கின் தன்மைக்குப் பொருந்தாத சிரமம் என்றோ கருதினால் தவிர, அவர் தரப்பைக் கேட்காமலும் தள்ளக்கூடாது. அப்படித் தள்ளிய பிறகு, அதே கைதிக்காக வழக்கறிஞர் மூலம் முறைப்படி தாக்கலான இன்னொரு மேல்முறையீடு கவனிக்கப்படாமல் கிடந்தது தெரியவந்தால், நீதியின் பொருட்டு அதை எடுத்து விசாரிக்கலாம். சிறைத் தபாலில் வந்த காகிதம் அவசரத்தில் அடிபட்டுப் போகக்கூடும் என்ற அச்சம் சட்டமியற்றியவர்களுக்கே இருந்திருக்கிறது.

உச்ச நீதிமன்றம் இந்தக் கதவை 1979-இல் அகலத் திறந்தது. திகார் சிறையில் தூக்குத் தண்டனை பெற்றிருந்த சுனில் பத்ரா, சக கைதி ஒருவரைத் தலைமை வார்டர் கொடுமையாகத் தாக்கியதைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் ஆட்கொணர்வு வழக்காக மாறியது. நீதிமன்றத்துக்கு உதவ வழக்கறிஞர்கள் அமர்த்தப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 20 அன்று வழங்கிய தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ண ஐயர், எல்லாக் கைதிகளும் எட்டக்கூடிய இடத்தில் குறைதீர் பெட்டிகள் வைக்கவும், மாவட்ட நீதிபதிகள் சிறைகளுக்குச் சென்று பார்க்கவும் வழி செய்தார். அடுத்த ஆண்டே, விலங்கு மாட்டப்படுவதை எதிர்த்துக் கைதி ஒருவர் நீதிபதிக்கு அனுப்பிய தந்தி, பிரேம் சங்கர் சுக்லா வழக்காயிற்று. கடல் கடந்தும் இதற்கு முன்னோடி உண்டு. அமெரிக்காவின் புளோரிடா சிறையிலிருந்து கிளாரன்ஸ் கிடியன் பென்சிலால் எழுதி அனுப்பிய மனுதான், கடுங்குற்ற வழக்கில் வழக்கறிஞர் வைக்க வசதியற்றவருக்கு அரசே வழக்கறிஞர் தரவேண்டும் என்ற 1963-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு விதை.

கடிதத்தை ஏற்பதா என்பதில் நீதிபதிகளிடையே பெரிய கருத்து வேற்றுமை இல்லை. அது யார் பெயருக்கு வரவேண்டும் என்பதில்தான் வேற்றுமை இருந்தது. 1983 டிசம்பரில் முடிவான பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் நீதிபதி பகவதி, தலைமை நீதிபதிக்கோ நீதிமன்றத்துக்கோ முகவரியிட வேண்டும் என்று வற்புறுத்தினால் முறை தெரியாத ஏழைகள் வெளியே நிறுத்தப்படுவார்கள் என்றார். அதே வழக்கில் தனித் தீர்ப்பு எழுதிய நீதிபதி பாடக், தனியொரு நீதிபதியின் பெயருக்குக் கடிதம் வருவது முறையாகாது, அது நீதிமன்றத்துக்கே வரவேண்டும் என்றார். 1988 டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் அனைத்து நீதிபதிகளும் கூடி எடுத்த முடிவின் பேரில், எந்த வகைக் கடிதங்களைப் பொதுநல வழக்காக எடுக்கலாம் என்பதற்கு வழிகாட்டு நெறிகள் வந்தன. சிறையில் துன்புறுத்தல், சிறைச்சாவு, முன்விடுதலை, விரைந்த விசாரணை ஆகியவற்றைப் பற்றிச் சிறைகளிலிருந்து வரும் மனுக்கள் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. ஆக, கடிதம் உள்ளே வரும் பாதையைப் பற்றி நாம் நாற்பதாண்டுகளுக்கு மேலாக யோசித்திருக்கிறோம். பதில் வெளியே போகும் பாதையை அந்த அளவுக்கு யோசிக்கவில்லை. அந்தப் பாதையைத்தான் இனி பார்க்கப் போகிறோம்.

ஆணை என்பதன் உடலும் உயிரும்

அரசியலமைப்பின் 136-ஆம் உறுப்பு உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அனுமதி மேல்முறையீட்டு அதிகாரத்தைத் தருகிறது. ‘தீர்ப்பு’ என்ற ஒரு சொல்லோடு அது நின்றுவிடவில்லை. தீர்ப்பு, தீர்ப்பாணை, தீர்மானிப்பு, தண்டனை, ஆணை என்று அடுக்கிச் சொல்கிறது. இத்தனை சொற்களை அடுக்கியதற்குக் காரணம் இருக்கிறது. நீதிமன்றம் தன் முடிவை எந்தப் பெயரில் வெளியிட்டாலும் அது பிடிபடாமல் போய்விடக்கூடாது. அதே சமயம் ஓர் எல்லையும் உண்டு. ஜஸ்வந்த் சுகர் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த உறுப்பின் கீழ் வரும் முடிவு நீதிமுறைத் தன்மை கொண்டதாக இருக்கவேண்டும், வெறும் நிர்வாக முடிவு போதாது என்றது. எனவே முதல் சோதனை இதுதான்: பதிலை எழுதியவர் நீதிபதி என்ற முறையில், ஒருவருடைய கோரிக்கையை எடைபோட்டு எழுதினாரா, அல்லது அலுவலகத் தகவலைத் தெரிவித்தாரா?

இரண்டாம் சோதனைக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வரலாம். துல்ஜாராம் ராவ் எதிர் அழகப்ப செட்டியார் என்ற பழைய உரிமையியல் வழக்கில், உயர் நீதிமன்றத்தை நிறுவிய சாசனமான லெட்டர்ஸ் பேட்டன்ட்டின் 15-ஆம் பிரிவின் கீழ் ‘தீர்ப்பு’ என்றால் என்ன என்ற கேள்வி எழுந்தது. தலைமை நீதிபதி ஆர்னால்டு வைட் தந்த விடை சட்டம் படித்தோர் அனைவருக்கும் அறிமுகமானது. முடிவு எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டாம், நடவடிக்கையில் அதன் விளைவு என்ன என்று பாருங்கள் என்பதே அதன் சாரம். 1981-இல் ஷா பாபுலால் கீம்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சொல்லை மறுபடி விரிவாக ஆராய்ந்தபோதும் இந்தச் சென்னைச் சோதனை விவாதத்தின் நடுவில் இருந்தது. உரிமையியல் வழக்கில் பிறந்த சோதனையைக் குற்றவியலுக்கு அப்படியே பெயர்த்து நட முடியாது என்பது உண்மை. குற்றவியலில் சட்டம் வெளிப்படையாகத் தராத மேல்முறையீடு இல்லை. ஆனால் ஒரு தாள் ஆணையா இல்லையா என்று அடையாளம் காண, விளைவைப் பார் என்ற அறிவுரை எந்தச் சட்டக் கிளைக்கும் பொருந்தும்.

மூன்றாம் சோதனை, தெரிவிக்கப்பட்டதா என்பது. 1954-ஆம் ஆண்டுத் தொகுதிகளில் வெளியான சுரேந்திர சிங் வழக்கில், கையெழுத்தாகிவிட்ட தீர்ப்பு அவையில் அறிவிக்கப்படும் முன்பே அந்த அமர்வின் நீதிபதிகளில் ஒருவர் இறந்துவிட்டார். நீதிமன்றம் தன் முடிவாக வெளியே அறிவிக்கும் வரை அது வரைவுதான், மாற்றத்துக்கு உரியதுதான் என்றது உச்ச நீதிமன்றம். 1962-இல் பச்சித்தர் சிங் வழக்கில் இதே கருத்து நிர்வாகத் தரப்பிலும் உறுதியானது. கோப்பில் அமைச்சர் எழுதிய குறிப்பு, உரியவருக்குத் தெரிவிக்கப்படாத வரை ஆணை ஆகாது. இதைத் திருப்பிப் பார்த்தால் நம் பொருளுக்கு ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. நீதிபதி கைதியின் கடிதத்தின் ஓரத்தில் எழுதிக் கோப்பில் வைத்த குறிப்பு இன்னும் எதையும் முடிக்கவில்லை. அதே குறிப்பைத் தட்டச்சு செய்து, முத்திரையிட்டு, சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதியிடம் சேர்ப்பித்த பிறகு, அதை அலுவலகக் குறிப்பு என்று சொல்லித் தப்ப முடியாது.

வடிவத்துக்கும் விளைவுக்கும் உள்ள இந்த இடைவெளியைத் தமிழ் மனத்துக்கு விளக்கவேண்டிய அவசியமில்லை. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் கோவலனைத் தண்டித்தது அவையில் அமர்ந்து அல்ல. அரசியின் ஊடல் தணிக்கப் போகும் வழியில், பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டுக் காவலரிடம் வாய்மொழியாகச் சொன்ன சொல் அது. விசாரணை இல்லை, குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் இல்லை, பதிவு இல்லை. வடிவத்தால் அது தீர்ப்பே ஆகாது. ஆனால் ஓர் உயிர் போயிற்று. பின்னர் கண்ணகி அவையேறி வழக்குரைத்தபோது, நான் அதை அவையில் சொல்லவில்லையே என்று பாண்டியன் வாதிடவில்லை. தன் சொல்லின் விளைவைத் தன் தீர்ப்பாகவே ஏற்றான். போகிற போக்கில் சொன்ன சொல்லுக்கும் அவையில் நின்று விடை சொல்லியாக வேண்டும் என்ற அறம் நமக்கு அந்நியமானதன்று.

மூன்று வகைப் பதில்கள்

சோதனைகளைக் கையில் வைத்துக்கொண்டு, கைதிகள் தொடர்பாக நடைமுறையில் போகும் பதில்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை தகவல் பதில். உங்கள் மேல்முறையீடு இன்ன எண்ணில் நிலுவையில் உள்ளது, தீர்ப்பு நகல் இன்ன தேதியில் அனுப்பப்பட்டது, சட்ட உதவிக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம் என்பன போன்றவை. தண்டனையைக் குறைக்கக் கேட்டு எழுதிய கைதிக்கு, கையெழுத்திட்ட தீர்ப்பை நானே மாற்றச் சட்டம் அனுமதிக்கவில்லை, உயர் நீதிமன்றத்தை அணுகுங்கள் என்று விசாரணை நீதிபதி எழுதுவதும் இதில் அடங்கும். எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர வேறெதையும் திருத்தக்கூடாது என்பது பழைய 362-ஆம் பிரிவு, இன்றைய 403-ஆம் பிரிவு. இந்தப் பதில்கள் சட்ட நிலையைச் சொல்கின்றன, எதையும் பறிக்கவில்லை. இவற்றுக்கு மேல்முறையீடு தேவையில்லை. தேவை என்று வாதிடுவது என் நோக்கமும் இல்லை.

இரண்டாம் வகை, தீர்மானிக்கும் பதில். இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு தண்டனைக் காலக் கழிவு. விசாரணைக் காலத்தில் சிறையில் கழித்த நாட்களைத் தண்டனையிலிருந்து கழிக்கவேண்டும் என்பது பழைய 428-ஆம் பிரிவு, இப்போது 468. இரண்டு வழக்குகளில் தண்டனை பெற்றவர் அவற்றை ஒருங்கே அனுபவிப்பதா, ஒன்றன்பின் ஒன்றாகவா என்பது இன்றைய 467-ஆம் பிரிவின் கீழ் எழும் கேள்வி. தீர்ப்பில் இவை தெளிவாக இல்லாவிட்டால் கைதி நீதிபதிக்கு எழுதுவார். உங்களுக்கு அந்தக் கழிவு பொருந்தாது என்று இரண்டு வரியில் பதில் வந்தால், சிறை அலுவலகம் விடுதலைத் தேதியைக் கணக்கிடுவது அந்த இரண்டு வரியை வைத்துத்தான். ஒரு மனிதர் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் கூடுதலாகச் சிறையிலிருக்க அந்தத் தாளே அதிகாரம் ஆகிறது. அரசுத் தரப்புக்கும் இது பொருந்தும். கழிவு உண்டு என்று தவறாக எழுதிய பதிலால் ஒருவர் முன்னதாக வெளியே வந்தால், அதை எதிர்க்க அரசுக்கும் உரிமை வேண்டும். விளைவைப் பார் என்ற சோதனை ஒரு பக்கம் மட்டும் சாயாது.

மூன்றாம் வகை, கருத்துக் கடிதம். இது நேரே கைதிக்குப் போவதில்லை, ஆனால் கைதியைப் பற்றியே போகிறது. தண்டனைக் குறைப்பு கேட்டு ஒருவர் மனுச் செய்யும்போது, தண்டனை விதித்த நீதிமன்றத்தின் நீதிபதியிடம் அரசு கருத்துக் கேட்கலாம் என்றும், அவர் காரணங்களோடு கருத்துச் சொல்ல வேண்டும் என்றும் பழைய 432-ஆம் பிரிவு, இன்றைய 473-ஆம் பிரிவு சொல்கிறது. சத்தீஸ்கரைச் சேர்ந்த ராம் சந்தர் வழக்கில் சிறப்பு நீதிபதி தந்த கருத்து, வழக்கின் சூழ்நிலை அனைத்தையும் பார்க்கும்போது தண்டனைக் குறைப்பு பொருத்தமாகாது என்ற அளவில் முடிந்திருந்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குற்றம் சமூகத்தைப் பரவலாகப் பாதிப்பதா, அது மீண்டும் நிகழ வாய்ப்புண்டா, அவரைத் தொடர்ந்து அடைத்து வைப்பதால் பயனுண்டா, குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலை என்ன என லக்ஷ்மண் நஸ்கர் வழக்கு முன்பே வகுத்த கூறுகளைக் கவனித்துப் போதிய காரணங்களோடு மீண்டும் கருத்துத் தருமாறு கேட்டது. கருத்துக் கடிதத்தைத் தனியே மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லைதான். ஆனால் அதன்மேல் எழும் அரசு ஆணையைத் தாக்கும்போது கடிதமும் சோதனைக்கு வருகிறது. கடிதத்தில் காரணம் இல்லையென்றால் அதன்மேல் எழுந்த ஆணையும் நிற்காது.

நீதிபதியின் மேசைக்கே போகாமல் பதிவகத்தோடு திரும்பும் கடிதங்களை எங்கே வைப்பது என்ற கேள்வியும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன பி. சுரேந்திரன் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவான விடை தந்தது. மனுவுக்கு எண்ணிடுவது அலுவலகப் பணி. மனு நிலைக்கத் தக்கதா என்று முடிவு செய்வது நீதிபதியின் பணி. பதிவகம் பின்னதைக் கையில் எடுக்க முடியாது. உச்ச நீதிமன்றத்தின் 2013-ஆம் ஆண்டு விதிகளில், காரணமற்றது, அற்பமானது என்று பதிவாளர் மனுவை ஏற்க மறுத்தால் 15 நாளுக்குள் அந்த மறுப்பை எதிர்த்து நீதிமன்றத்திடமே முறையிடலாம் என்ற ஏற்பாடும் இருக்கிறது. பதிவாளரின் மறுப்புக்கே மேல்முறையீடு உண்டு என்று சட்டம் ஒத்துக்கொண்ட பிறகு, நீதிபதியின் மறுப்பு கடித வடிவில் வந்ததால் மட்டும் அதற்கு இல்லை என்பது முரண்.

எங்கே போவது, எப்போது போவது

மேல்முறையீடு என்ற சொல்லை நான் இதுவரை அகலமாகவே கையாண்டேன். கண்டிப்பாகச் சொன்னால் அது ஒரு வழி மட்டுமே. விசாரணை நீதிமன்றத்தின் பதில் தண்டனையையே தொடுவதில்லை என்றால், குற்றவியல் சட்டம் நேரடி மேல்முறையீடு தராது. அங்கே சீராய்வு கைகொடுக்கும். இடைக்கால ஆணைக்குச் சீராய்வு இல்லை என்ற தடை உண்டு. ஆனால் 1977-இல் அமர்நாத், மது லிமாயே ஆகிய இரு வழக்குகளும் அந்தத் தடையின் வீச்சைக் குறைத்தன. ஒருவருடைய உரிமையைக் கணிசமாகத் தொடும் ஆணை இடைக்கால ஆணை அன்று. தண்டனைக் காலக் கழிவை மறுக்கும் பதில் எந்தக் கணக்கிலும் இடைக்காலப் பதில் ஆகாது. அதுவும் போதாதபோது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் இருக்கிறது. கைதி வழி தவறிச் சீராய்வு என்று எழுதியிருந்தாலும், உண்மையில் மேல்முறையீடு கிடைக்குமானால், தவறான நம்பிக்கையில் எழுதப்பட்டது என்று கண்டு அதை மேல்முறையீடாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய 401(5), இன்றைய 442(5) உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தலைப்பைப் பார்க்காதே, உள்ளடக்கத்தைப் பார் என்று சட்டமே எழுத்தில் சொல்லியிருக்கும் இடம் இது.

உயர் நீதிமன்றம் ஆட்கொணர்வு கேட்ட கடிதத்தை மறுத்தால் 136-ஆம் உறுப்பு இருக்கிறது, அடிப்படை உரிமைக்காக உச்ச நீதிமன்றத்தை நேரே அணுக வழி தரும் 32-ஆம் உறுப்பும் இருக்கிறது. 1961-இல் தர்யாவ் வழக்கு இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டியது. உயர் நீதிமன்றம் காரணங்களோடு பொருளை முடிவு செய்திருந்தால், அதே பொருளோடு மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் முன் 32-இன் கீழ் வரமுடியாது. காரணம் எதுவும் சொல்லாமல் வாசலிலேயே தள்ளியிருந்தால் அந்தத் தடை எழாது. 1967-ஆம் ஆண்டுத் தொகுதிகளில் வெளியான குலாம் சர்வார் வழக்கு, தனிமனித விடுதலையைத் தொடும் ஆட்கொணர்வுக்கு முன்தீர்ப்புத் தடையே பொருந்தாது என்றது. இதில் கைதிக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. காரணம் சொல்லாத பதிலால் எந்தக் கதவையும் நிரந்தரமாகப் பூட்ட முடியாது. நீதிபதிக்கும் ஒரு பாடம் இருக்கிறது. பதில் நிலைக்கவேண்டும் என்றால் காரணம் எழுதுங்கள். 1953-இலேயே முஷ்டாக் உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாதத்துக்கு இடமுள்ள மேல்முறையீட்டை ஒற்றைச் சொல்லில் தள்ளுவது சரியன்று என்று சொல்லியிருக்கிறது.

வழி இருந்தும் காலம் தவறினால் பயனில்லை. ஹோஸ்கோட் வழக்கில் கைதிக்குச் சேரவேண்டிய தீர்ப்பு நகல் உரிய நேரத்தில் அவர் கைக்கு வராததால், உச்ச நீதிமன்றத்தை அணுகுவதில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தாமதம் நேர்ந்தது. தீர்ப்பு நகலை இலவசமாகத் தரவேண்டும், சிறைக்கு அனுப்பிய நகலை உடனே கைதியிடம் சேர்த்து எழுத்தில் ஒப்புகை பெறவேண்டும் என்று 1978 ஆகஸ்ட்டில் நீதிபதி கிருஷ்ண ஐயர் வகுத்த நெறி அங்கிருந்து வந்தது. தீர்ப்புக்குப் பொருந்தும் அந்த நெறி, தீர்ப்பின் விளைவு கொண்ட பதிலுக்கும் பொருந்த வேண்டும். கைதி எழுதும் திசையிலும் இதே நியாயம் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-இல் ஹூஸ்டன் எதிர் லாக் வழக்கில், மேல்முறையீட்டு அறிவிப்பைக் கைதி சிறை அதிகாரியிடம் ஒப்படைத்த நாளே அது தாக்கலான நாள் என்றது. அவர் கொடுத்தது கெடுவுக்குள், நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு நாள் பிந்தி. சிறைக்கதவைத் தாண்டிய பின் தபால் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது கைதியின் கையில் இல்லை. நம் 424-ஆம் பிரிவும், சிறை அதிகாரியிடம் மனுவைக் ‘கொடுக்கலாம்’ என்றுதான் சொல்கிறது. கொடுத்த நாளையே தாக்கல் நாளாகக் கொள்வது அந்தச் சொல்லோடு இயல்பாகப் பொருந்துகிறது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மன்றாடவேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளத் தேவையில்லை.

மறுப்புகளுக்கு விடை

முதல் மறுப்பு எண்ணிக்கையைப் பற்றியது. ஒவ்வொரு கடிதப் பதிலுக்கும் மேல்முறையீடு என்றால், ஏற்கெனவே சுமை தாங்காத நீதிமன்றங்கள் என்ன ஆகும்? இந்தக் கவலை நேர்மையானது. ஆனால் நான் கேட்பது ஒவ்வொரு பதிலுக்கும் அல்ல. தகவல் பதில்களைத் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டேன். எஞ்சுவது உரிமையைத் தீர்மானிக்கும் பதில்கள். அவற்றை இன்று சோதிக்காமல் விட்டால் சுமை குறையாது, வேறு வடிவில் திரும்பி வரும். பதில் புரியாத கைதி அதே கடிதத்தை மறுபடி எழுதுவார், வேறு நீதிபதிக்கு எழுதுவார், ஆட்கொணர்வு கேட்பார். ஒருமுறை காரணத்தோடு முடித்து, அடுத்த வழியையும் காட்டிவிட்டால் கோப்பு அங்கேயே முடியும்.

இரண்டாம் மறுப்பு ஆழமானது. வழக்கின் ஒரு தரப்போடு நீதிபதி தனியே கடிதம் எழுதிக்கொள்வதே தவறு, அப்படியிருக்க அதை மேல்முறையீட்டுக்கு உரியதாக்கி ஏன் கௌரவிக்கவேண்டும் என்பார்கள். இதன் முற்பாதியை நான் முழுமனதோடு ஏற்கிறேன். நீதிபதி பாடக் சொன்னதில் உள்ள உண்மையும் இதுதான். கைதியோடு நீதிபதிக்குத் தனிக் கடிதத் தொடர்பு இருக்கக்கூடாது. நீதிமன்றத்துக்கும் கைதிக்கும் இடையே தொடர்பு இருக்கவேண்டும். அந்த வேறுபாட்டைக் காப்பாற்ற வழி, பதிலைப் பதிவுக்குள் கொண்டுவருவதே. கடிதத்துக்கு எண்ணிட்டு, எதிர்த் தரப்புக்கு நகல் தந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, அவையில் முடிவு சொன்னால் தனித் தொடர்பு என்ற பழியே எழாது. பதிவுக்கு வெளியே பதில் நிற்பதால்தான் அந்தப் பழி வருகிறது. மேல்முறையீட்டுக்கு உரியது என்று ஆனவுடன் பதில் தானாகவே பதிவுக்குள் வந்துவிடும்.

மூன்றாம் மறுப்பு, பதில் எழுதினால் மேலே இழுப்பார்கள் என்ற அச்சத்தில் நீதிபதிகள் மௌனமாகிவிடுவார்கள், பரிவோடு நான்கு வரி எழுதும் நீதிபதியும் இனி எழுதமாட்டார் என்பது. ஆனால் உரிமையைக் கேட்ட கடிதத்துக்கு மௌனமும் ஒரு விடைதான். அது மறுப்பு என்றே கைதிக்குப் போய்ச் சேர்கிறது. காரணமில்லாத, தேதியில்லாத, கேள்விக்கு உட்படாத மறுப்பு. பிரிட்டனில் ரேமண்ட் எதிர் ஹனி வழக்கில், கைதி நீதிமன்றத்துக்கு எழுதிய விண்ணப்பத்தைச் சிறை ஆளுநர் நிறுத்திவைத்தது நீதிமன்ற அவமதிப்பு என்று 1982-இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. போகும் கடிதத்தைத் தடுப்பது அத்தனை பெரிய குற்றம் என்றால், வந்த கடிதத்துக்கு விடை சொல்லாமல் விடுவதை எச்சரிக்கை உணர்வு என்று நாம் பாராட்ட முடியாது.

நான்காவதாக, தீர்ப்பின் இறுதித்தன்மை குலையும் என்பார்கள். நான் சொல்லும் சோதனை அந்த இறுதித்தன்மையைக் காக்கவே செய்கிறது. மேல்முறையீட்டுக் காலம் கடந்த தண்டனையைக் கடிதம் எழுதிப் பதில் வாங்கி உயிர்ப்பிக்க முடியாது. மாற்ற முடியாது என்று சொல்லும் பதில் புதிதாக எதையும் தீர்மானிக்கவில்லை. எனவே அதிலிருந்து புதுக் கெடுவும் தொடங்காது. புதிய கேள்வியைப் புதிதாக முடிவு செய்யும் பதில் மட்டுமே மேல் நீதிமன்றத்துக்குப் போகும்.

செய்யக்கூடியது

புதுச் சட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உயர் நீதிமன்றங்கள் தம் விதிகளாலும் சுற்றறிக்கைகளாலும் செய்யக்கூடிய ஐந்து காரியங்கள் போதும். சிறையிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் வந்த நாளிலேயே எண் கிடைக்கவேண்டும். பதிலின் முதல் வரியிலேயே, இது தகவல்தானா அல்லது நீதிமன்ற ஆணையா என்று எழுதவேண்டும். ஆணை என்றால், சில வரிகளானாலும் காரணம் இருக்கவேண்டும். முடிவில், எங்கே, எத்தனை நாளுக்குள் முறையிடலாம், சட்ட உதவியை யாரிடம் கேட்கலாம் என்பது கைதிக்குத் தெரிந்த மொழியில் இருக்கவேண்டும். கடைசியாக, பதிலைக் கொடுத்த நாளையும் கைதி தன் முறையீட்டு மனுவைச் சிறை அதிகாரியிடம் கொடுத்த நாளையும் சிறைப் பதிவேட்டில் கையொப்பத்தோடு குறிக்கவேண்டும். காவலில் உள்ள எவருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆம் பிரிவு சொல்கிறது. 2024 அக்டோபரில் சுஹாஸ் சக்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறைகளில் அந்த உதவி உண்மையில் போய்ச் சேர்வதை உறுதி செய்யப் பல வழிகாட்டுதல்களைத் தந்திருக்கிறது. பதிலின் ஒரு பிரதி சிறைச் சட்ட உதவி மையத்துக்கும் போனால், அந்தப் பதிலைப் படித்துச் சொல்ல ஒருவர் கைதியின் பக்கத்தில் இருப்பார்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். நீங்கள் நாளை நீதிமன்ற அலுவலராகலாம், சட்ட உதவி வழக்கறிஞராகலாம், நீதிபதியாகலாம். சிறை முத்திரை பதித்த ஓர் உறை மேசைக்கு வரும்போது, அதில் மனுவின் இலக்கணம் இருக்கிறதா என்று தேடும் பழக்கத்திலிருந்து நம் சட்டம் நாற்பதாண்டுகளுக்கு முன்பே விடுபட்டுவிட்டது. நீங்கள் அனுப்பும் பதிலிலும் அதே விழிப்பு வேண்டும். இதைப் பெறுகிறவர் இதன் பிறகு எத்தனை நாள் உள்ளே இருப்பார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விடையில் ஒரு நாள் கூடினாலும் குறைந்தாலும் நீங்கள் எழுதுவது தீர்ப்பு. பாண்டியன் அவையில் கண்ணகிக்குக் கதவு திறந்துதான் இருந்தது. அவள் கேட்டாள், மன்னன் கேட்டுத் திருந்தினான், தன் பிழையை ஏற்றான். ஆனால் அதற்குள் காலம் கடந்திருந்தது. நம் நீதிமன்றங்களின் கதவு காலம் கடப்பதற்கு முன் திறக்கவேண்டும். அந்தக் கதவு இருக்கும் இடத்தையும், அது திறந்திருக்கும் நாட்களையும் கைதிக்குச் சொல்லும் கடமை, பதில் கடிதத்தின் கடைசி வரிக்கு உண்டு.